பாடாண் திணை: மேலேறி வராத பாட்களின் ஒழுக்கம் குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

எடுத்துக்கொண்ட பொருள் இன்னது என்று முதலில் வரையறுப்பது ஆய்வு மரபு. பொருள்: பாட். குபெர்னெட்டிஸ் என்னும் பெரிய ஏற்பாட்டுக்குள் ஒரு மென்பொருள் குடியிருக்கும் ஆகச்சிறிய போர்ஷன். நோட் என்பதை வீடு என்றும் கிளஸ்டர் என்பதைத் தெரு என்றும் கொண்டால் இடம் விளங்கும். புதிய நிரலை டிப்ளாய் செய்ததும் பாட் மேலே வந்து நிற்க வேண்டும். வந்து நின்ற பாட்களைப் பற்றி இக்கட்டுரை பேசாது. அவற்றுக்காக யாரையும் இரவு ஒன்றரை மணிக்கு எழுப்பிய வரலாறு இல்லை. வராத பாட்களே நம் பொருள்.

ஆய்வாளன் தகுதி: பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண், கல்லூரியில் மெக்கானிக்கல், வேலையில் டெவ்ஆப்ஸ். இம்மூன்றுக்கும் தொடர்பு என்ன என்று பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டார்கள். அன்று விடை தெரியவில்லை. இக்கட்டுரை அந்த விடை.

இத்துறையில் முன்னோர் நூல்கள் ஏராளம். எல்லாம் ‘இந்தக் கட்டளையை அடி, சரியாகிவிடும்’ என்னும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. சரியாகாவிட்டால்? ‘அழித்துவிட்டு மறுபடி உருவாக்கு’ என்பது அவர்கள் துணிபு. காய்ச்சல்காரனைப் புதைத்துவிட்டு வேறொருவனைப் பெற்றுக்கொள் என்பதற்கு ஒப்பான இந்த வைத்தியம் வேலை செய்கிறது என்பதுதான் துறையின் பெரிய அவமானம். நோய் என்ன என்று கேட்டவர் எவருமில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இம்முயற்சி.

பெயராய்வு

குபெர்னெட்டிஸ் கிரேக்கச் சொல். சுக்கான் பிடிப்பவன் என்று பொருள், நம் மீகாமன். இதே சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘கவர்னர்’ ஆயிற்று. ஆக, குபெர்னெட்டிசும் ஆளுநரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு இடத்திலும் அனுப்பிவைத்தது ‘பெண்டிங்’ என்று கிடக்கும் என்பதிலிருந்து அரசியல் முடிபு எதையும் இவ்வாய்வு பெற விரும்பவில்லை.

பாட் என்பதற்கு உரை இரண்டு. பட்டாணிக் காய் என்பது ஒன்று, திமிங்கிலக் கூட்டம் என்பது மற்றொன்று. டாக்கரின் சின்னம் முதுகில் பெட்டி சுமக்கும் திமிங்கிலம் ஆதலின் பின்னதும் பொருந்தும். ‘பொதி’ என்னும் நம் சொல்லே கடல் கடந்து ‘பாட்’ ஆயிற்று என்று நிறுவிவிட எனக்கும் கை அரித்தது. அந்தத் துறையில் ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆனால் ஓர் இலக்கணச் சிக்கலைத் தீர்க்காமல் மேலே போக இயலாது. பாட் என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்றால் ‘பாட்டை’ என்பதா, ‘பாடை’ என்பதா? ஓடுகிறவரை பாட்டை, நின்றபின் பாடை என்பது என் துணிபு. ஓட்டம் உள்ளது பாதையாகும் என்பதும், நின்றது எதில் ஏறும் என்பதும் சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றன.

திணை ஏழே என நிறுவியது

பாட் வராமல் போகும் வகை எத்தனை? கணக்கற்றவை என்பார் அனுபவமில்லாதவர். ஏழே. கைக்கிளை முதல் பெருந்திணை வரை தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வைத்தார். குபெர்னெட்டிசின் சின்னத்தில் இருக்கும் சுக்கான் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள், ஆரக்கால் ஏழு. இன்னும் உண்டு. கு, பெ, ர், னெ, ட், டி, ஸ் என்று தமிழில் எழுதினாலும் எழுத்து ஏழு. ‘ஸ்’ தொல்காப்பியர் அறியாத எழுத்தாயிற்றே எனின், அதைச் சேர்த்தால்தான் ஏழு வருகிறது ஆதலின் சேர்க்கப்பட்டது என்க.

கடா: கூகுளுக்குள் இதற்கு முன்னோடியாக இருந்த அமைப்பின் பெயர் போர்க். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் இயந்திரக் கூட்டத்தின் பெயர் அது. அக்கூட்டத்திலிருந்து மீட்கப்பட்ட ‘ஒன்பதில் ஏழு’ என்னும் பெண் பாத்திரத்தை நினைந்து இத்திட்டத்துக்கும் ஏழு என்று உள்வட்டப் பெயர் வைத்தார்கள். 2014 ஜூனில் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். சின்னத்திலும் அந்தப் பெயரின் நினைவாக ஆரக்காலை ஏழாக்கினார்கள். தொல்காப்பியர் எங்கே வந்தார்?

விடை: ஒன்பதில் ஏழு போனால் மீதி இரண்டு. அகம், புறம்.

‘மேனேஜ்டு’ என்னும் அடைமொழி

அமேசானின் ஈ.கே.எஸ்., கூகுளின் ஜி.கே.ஈ., மைக்ரோசாஃப்டின் ஏ.கே.எஸ். ஆகியவை மேனேஜ்டு வகை. அதாவது கிளஸ்டரின் மூளையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஏ.பி.ஐ. சர்வர், நிலவரமெல்லாம் எழுதிவைக்கும் எட்சிடி, யாருக்கு எந்த நோட் என்று பிரித்துவிடும் ஷெட்யூலர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அமேசானும் கூகுளும் இதற்கு ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 10 சென்ட் என்று விலை வைத்திருக்கின்றன. முப்பது நாள் மாதத்துக்கு 72 டாலர்.

இது கல்யாண மண்டப வாடகை. மண்டபம், கரண்ட், ஜெனரேட்டர், நாற்காலி எல்லாம் அவர்கள் தருவார்கள். சமையல் நம்முடையது. ரசத்தில் உப்பில்லை என்று மண்டப மேனேஜரைக் கூப்பிட்டுச் சண்டை போடும் பெண் வீட்டார் எல்லாக் கல்யாணத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் டீமில் அவர் லீடு. பாட் வரவில்லை என்றதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம், “ப்ரொவைடர் சைடுலதான் ஏதோ.” எழுபத்திரண்டு டாலர் கொடுத்தவனுக்குப் பழி சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமே. அந்த வகையில் அது மலிவுதான்.

குறிஞ்சி

உரிப்பொருள் புணர்தல். பாட் நோட்டைச் சேர்ந்தது, நிலை ‘ரன்னிங்’. பிறகு ஏன் ஆய்வு எனின், பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க. ‘0/1’ என்றிருக்கும். ஓடுகிறது, ஆனால் ரெடி இல்லை. அகப்பொருள் கற்றவனுக்கு இது எளிது: ரன்னிங் என்பது களவு, ரெடி என்பது கற்பு. கூடியாயிற்று, ஊரறிய மணம் ஆகவில்லை. ரெடினெஸ் ப்ரோப் என்னும் பெரியவர் தலையாட்டும்வரை சர்வீஸ் அந்த வாசலுக்கு ஒரு வாடிக்கையாளரையும் அனுப்பாது. இதற்குள் ஊரில் பேச்சு எழும். சங்கப் புலவர் அதை அலர் என்றனர், நாம் அலர்ட் என்கிறோம். இந்த ஓர் இடத்தில் மட்டும் வேர்ச்சொல் ஆய்வாளர்களோடு சேர்ந்துகொள்ள எனக்குத் தடையில்லை.

முல்லை

இருத்தல். காத்துக் காத்து இருத்தல். நிலை ‘பெண்டிங்’. மூன்று நோட் உள்ள கிளஸ்டரில் டிஸ்க்ரைப் என்னும் கட்டளையை அடித்தால் ‘மூன்றில் பூச்சியம் நோட் தயார்’ என்று வரும். நோட்களைப் போய்ப் பார்த்தால் சி.பி.யு. எட்டு சதவீதம்கூட ஓடவில்லை. காலியாகக் கிடக்கிறதே, ஏன் இடமில்லை என்கிறான்?

வெளியூர்ப் பேருந்தில் போனவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீட்டெல்லாம் காலி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. ‘ரிக்வெஸ்ட்’ என்று நாம் யாம்ல் கோப்பில் எழுதிவைப்பது அந்தத் துண்டு. ஷெட்யூலர் ஆள் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பதில்லை, துண்டு கிடக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். எங்கள் ஸ்டேஜிங்கில் ஆறு மாதமாக யாரும் தொடாத ஒரு ரிப்போர்ட் சர்வீஸ் இரண்டு சி.பி.யு.வுக்குத் துண்டு போட்டிருந்தது. போட்டவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். துண்டு மட்டும் இருந்தது.

துண்டும் இல்லாமல் சீட்டும் காலியாக இருந்து, அப்போதும் ஏற்ற மறுப்பது உண்டு. அமேசானில் டி3.மீடியம் என்றொரு நோட். வழக்கமான அமைப்பில் அதில் பாட் ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.பி. முகவரி வேண்டும். அந்த நோட்டில் மாட்டக்கூடிய நெட்வொர்க் கார்டு மூன்று, கார்டுக்கு முகவரி ஆறு. அதில் ஒன்று கார்டுக்கே போய்விடும், மிச்சம் ஐந்து. மூவைந்து பதினைந்து, நோட்டின் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு வாழும் இருவரையும் சேர்த்தால் 17. அவ்வளவுதான். நாலு ஜி.பி. மெமரியில் மூன்று ஜி.பி. சும்மா கிடந்தாலும் பதினெட்டாமவனுக்கு இடமில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தரையில் பாய் விரிக்க இடம் இருக்கும், மேனேஜர் ரெஜிஸ்டரில் வரி இருக்காது. தரையைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

பாலை

பாலைக்குத் தனி நிலம் கிடையாது என்பதை உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். அவர்கள் இமேஜ்புல்பேக்ஆஃப் என்னும் நிலையைக் கண்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பார்கள். குற்றம் கிளஸ்டரிலும் இல்லை, நம் நிரலிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வழியில் இருக்கிறது. பாட்டுக்குள் ஓட வேண்டிய இமேஜ் எங்கோ தொலைவில் ஒரு ரெஜிஸ்ட்ரியில் உட்கார்ந்திருக்கிறது, வந்து சேரவில்லை. பிரிதலும் பிரிதல் நிமித்தமும்.

வழியில் என்னென்ன நேரும்? கள்வர் உண்டு, அனுமதிச் சீட்டு காலாவதியாவது உண்டு, சுங்கச் சாவடியும் உண்டு. டாக்கர் ஹப் 2020 நவம்பரில் ஒரு வரம்பு கொண்டுவந்தது. உள்நுழையாமல் இழுப்பவருக்கு ஆறு மணி நேரத்தில் ஒரு முகவரிக்கு 100 முறை. நம் நோட்கள் எல்லாம் ஒரே நாட் வாசல் வழியாக வெளியே போவதால் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரியும். முழு அப்பார்ட்மென்டுக்கும் ஒரே ரேஷன் கார்டு. மாடி வீட்டுக்காரர் காலையிலேயே வாங்கிப் போய்விட்டால் நமக்குச் சர்க்கரை இல்லை.

ஆனால் பெரும்பான்மைப் பிரிவுக்குக் காரணம் இவ்வளவு பெரியதல்ல. கள ஆய்வு ஒன்று.

இரவு ஒன்றரை. போன்.

“ண்ணா, பாட் மேல வரல.”

“என்ன ஸ்டேட்டஸ்?”

“இமேஜ்புல்பேக்ஆஃப்.”

“டிஸ்க்ரைப் அடிச்சியா?”

“அடிச்சேண்ணா. நெறைய வருது.”

‘நெறைய வருது’ என்னும் இத்தொடர் ஆராயத்தக்கது. டிஸ்க்ரைப் என்று அடித்தால் பாட்டின் பிறப்பு, குலம், லேபிள், மவுன்ட் எல்லாம் மெய்க்கீர்த்தி போல இரண்டு திரைக்கு ஓடும். அரசன் வென்ற நாடெல்லாம் சொல்லி முடித்தபின் கடைசியில்தான், கோயிலுக்கு எத்தனை ஆடு கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்லும். இங்கும் ஆடு கடைசியில்தான்: ‘ஈவென்ட்ஸ்’ என்னும் பகுதி. அதுவரை யாரும் போவதில்லை. திரை நிறைந்ததும் கண் நின்றுவிடுகிறது.

அன்றும் யாரும் போகவில்லை. லீடு காலில் வந்தார், தம் வாக்கியத்தைச் சொன்னார். ப்ரொவைடருக்கு உச்ச அவசரம் என்று டிக்கெட் போட்டோம். அவர்கள் ஸ்டேட்டஸ் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் மாதிரி பச்சைப்பசேல் என்று இருந்தது. அது பச்சையாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம் என்றார் லீடு. ரெஜிஸ்ட்ரி சீக்ரெட்டை அழித்து மறுபடி போட்டோம். ஒரு நோட்டைக் காலி செய்து புது நோட் எடுத்தோம். நெட்வொர்க் டீமை எழுப்பினோம்; அவர்கள் செக்யூரிட்டி டீமை எழுப்பினார்கள். இழவு வீடு மாதிரி ஆள் சேர்ந்துகொண்டே போனது. மூன்றே முக்காலுக்குக் காலில் பதினோரு பேர்.

டிக்கெட்டில் ஈவென்ட்ஸ் பகுதியையும் ஒட்ட வேண்டும் என்று ப்ரொவைடர் கேட்டிருந்தார். என்னை எழுப்பிய தம்பி ஒட்டிக்கொண்டிருந்தான்.

“ண்ணா, இதுல வி1.4.2னு இருக்கு. நாட் ஃபவுண்ட்னு சொல்லுது.”

“ஆமா, அதுதான் இந்த ரிலீஸ்.”

“ரெஜிஸ்ட்ரில வெறும் 1.4.2ண்ணா. வி இல்ல.”

பதினோரு பேரில் ஒருவரும் பேசவில்லை. யாரோ மியூட் போட மறந்திருந்தார்கள். அவர் வீட்டு ஃபேன் ‘கடக் கடக்’ என்று சுற்றுவது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

இரண்டேகால் மணி நேரமாக அந்த வரி அங்கேதான் இருந்தது. பாட் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டது. அதிலும், அந்தச் சாட்சியம் அதுவரை நின்றதே அதிர்ஷ்டம். வழக்கமான ஏற்பாட்டில் ஈவென்ட்ஸ் ஒரு மணி நேரம்தான் நிற்கும். பாட் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்ததால் அந்த வரி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அழித்துவிட்டு மறுபடி உருவாக்கு என்னும் முன்னோர் மருந்தைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தால், பழைய பாட்டின் பேச்சு காலையில் கிடைக்காது. சோழர் கல்லில் வெட்டினார்கள், ஆயிரம் ஆண்டு நிற்கிறது. நாம் ஒரு மணி நேரம் நிற்கும்படி வெட்டியிருக்கிறோம், அதற்கு எட்சிடி இடம் மிச்சம் என்று காரணமும் வைத்திருக்கிறோம்.

மருதம்

ஊடல். கிராஷ்லூப்பேக்ஆஃப். என் கருத்தில் திணைகளுள் தலையாயது இதுவே.

கன்டெய்னர் தலைவன். வீட்டுக்கு வருவான், சிறிது நேரம் இருப்பான், விழுந்துவிடுவான். நோட்டில் இருக்கும் கியூப்லெட் தலைவி. விழுந்தவனை மறுபடி எழுப்பி உள்ளே விடுவது அவள் கடமை. முதல் முறை உடனே விடுவாள். மறுபடி விழுந்தால் பத்து வினாடி கதவைத் திறக்கமாட்டாள். அடுத்து இருபது. பிறகு நாற்பது, எண்பது, நூற்றறுபது. அதற்குமேல் ஐந்து நிமிடம். அதுதான் உச்சம், அதைத் தாண்டிய கோபம் அவளுக்கு இல்லை. இத்தனைக்கும் பிறகு தலைவன் பத்து நிமிடம் ஒழுங்காக இருந்துவிட்டால் பழையதெல்லாம் மறந்து கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒரு தலைவியைச் சங்கப் பாட்டில் காண்பதரிது. நிஜத்தில் கண்டதாக என் நண்பர் ஒருவர் சொல்கிறார், ஆதாரம் காட்டவில்லை.

இங்கே பேதையர் செய்யும் பிழை ஒன்று. கிராஷ்லூப்பேக்ஆஃப் என்பதையே நோய் என்று எண்ணிக் கூகுளில் தேடுவார்கள். அது ஊடலின் பெயர், காரணத்தின் பெயரல்ல. அவன் எங்கே போய் என்ன செய்துவிட்டு வந்தான் என்பதை வாயில்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். லாக் ஒரு வாயில். ஆனால் சும்மா லாக் கேட்டால் இப்போது வாசலில் நிற்பவனைப் பற்றித்தான் சொல்லும். அவன் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை, வெள்ளை வேட்டியோடு நிற்கிறான். ‘ப்ரீவியஸ்’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அப்போதுதான் பாணன் வாய் திறப்பான்: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்க வேண்டிய என்விரான்மென்ட் வேரியபிள் இல்லை, அதனால் விழுந்தேன் என்று முந்தையவன் சொல்லிப்போன கடைசி வரி வரும்.

தலைவன் குற்றமே செய்யாமல் விழுவதும் உண்டு. அதற்குக் காரணம் மாமியார். லைவ்னெஸ் ப்ரோப் என்று பெயர். நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் பத்து வினாடிக்கு ஒருமுறை கதவைத் தட்டி “இருக்கியா?” என்று கேட்பாள். ஒரு வினாடிக்குள் பதில் வரவேண்டும். மூன்று முறை வரவில்லையென்றால் செத்தவனாகக் கொண்டு கதையை முடித்துவிடுவாள். ஜாவாவில் எழுதிய பெரிய அப்ளிகேஷன் எழுந்து பல் விளக்கவே முக்கால் நிமிடம் ஆகும். அரை நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடுகிறது. மறுபடி எழுப்புவார்கள், மறுபடி பல் விளக்கும்போதே முடிப்பார்கள். லாக்கில் பிழை ஒன்றும் இராது, பாதி பல் விளக்கிய கதை மட்டும் இருக்கும். ஸ்டார்ட்அப் ப்ரோப் என்று ஒன்றை வைத்து, அவன் எழுந்து முடிக்கும்வரை மாமியாரைப் பக்கத்து அறையில் உட்காரவைக்கும் ஏற்பாடு 2020 டிசம்பரில் வந்த 1.20 பதிப்பில் நிலைபெற்றது. குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை.

நெய்தல்

இரங்கல். ஓஓஎம்கில்டு. கொடுத்த மெமரி வரம்பைத் தாண்டியவனை லினக்ஸ் கர்னல் கொன்றுவிடும். வெளியேற்ற எண் 137. இது 128-ஐயும் 9-ஐயும் கூட்டி வருவது. ஒன்பது என்பது சிக்கில் என்னும் ஆணை. பதினைந்தாம் எண் ஆணை வந்தால் மரியாதை உண்டு, வழக்கமாக முப்பது வினாடி அவகாசம் தருவார்கள், கோப்பை மூடிவிட்டுச் சொல்லிக்கொண்டு போகலாம். ஒன்பதுக்கு அது கிடையாது. லாக் பாதி வாக்கியத்தில் நிற்கும். அந்தப் பாதி வாக்கியத்தைப் படித்துக்கொண்டு எற்பாடு வேளையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது நானாக இருக்கும்.

ஒருமுறை புதிய சர்வீஸ் ஒன்று பிறக்கவே மறுத்தது. யாம்லில் மெமரி வரம்பு 512 என்று போட்டுப் பக்கத்தில் எழுத்து ஒன்று. மெபிபைட் என்பதற்குப் பெரிய எம்மும் சின்ன ஐயும் சேர்ந்து வரவேண்டும். எழுதியவர் சின்ன எம் மட்டும் போட்டிருந்தார். குபெர்னெட்டிஸ் இலக்கணத்தில் சின்ன எம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக அவர் ஒதுக்கியது அரை பைட்டும் சொச்சமும். யூ.டி.எஃப்.-8 முறையில் ‘அ’ என்று ஓர் எழுத்து எழுதவே மூன்று பைட் வேண்டும். ஐயோ என்று அலறுவதற்கும் இடம் கொடுக்காமல் ஒருவனை வாழச் சொல்லியிருக்கிறோம்.

ஒழிந்த இரண்டு

கைக்கிளை ஒருதலைக் காமம். சர்வீஸ் ‘பேமென்ட்ஸ்’ என்ற லேபிளைத் தேடுகிறது. பாட் கட்டியிருக்கும் லேபிள் ‘பேமென்ட்’. சர்வீஸ் நலம், பாட் நலம், எங்கும் சிவப்பு இல்லை. எண்ட்பாயின்ட்ஸ் என்று கேட்டால் ‘நன்’ என்கிறது. சர்வீஸ் இருப்பதே பாட்டுக்குத் தெரியாது. இதில் பிழைச் செய்தி வராது என்பதுதான் கைக்கிளையின் இலக்கணம். சொல்லி மறுமொழி பெறாமல் தானே சொல்லி இன்புறுவது.

பெருந்திணை பொருந்தாக் காமம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்பை வெளியிட்டது. அது ஆர்ம் குலம். அதன்பின் புது மேக் வாங்கிய டெவலப்பர் அதிலேயே இமேஜ் கட்டி அனுப்புகிறார். நம் நோட்டோ இன்டெல் குலம். ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். “என் மெஷின்ல ஓடுதே” என்று அவர் மடலேறி நிற்பார். ஓடும். அந்த மேக்கைக் கொண்டுபோய் டேட்டா சென்டரில் வைத்தால் அங்கேயும் ஓடும்.

பாடாண்

தலைப்பில் பாடாண் என்று வைத்துவிட்டு அகத்திணையாகவே பேசி வந்தது என்னை எனின், கூறுதும். பாடாண் புறத்திணை, கைக்கிளைக்குப் புறன் என்று தொல்காப்பியர் வைத்தது. பாடப்படும் ஆண்மகனின் புகழைச் சொல்வது. பாட் விழுந்த கதை கிளஸ்டருக்குள் நடக்கும்வரை அகம். அது க்ளையன்டுக்குப் போகும் மின்னஞ்சலாக மாறும் கணத்தில் புறமாகிவிடும். அதற்குத் துறைப்பெயர் ஆர்.சி.ஏ., மூல காரண அறிக்கை. சுற்றமும் நட்புமாகப் பன்னிரண்டு பேருக்கு நகல் போகும்.

அந்த ‘வி’ விவகாரத்துக்கு ஆர்.சி.ஏ. எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. காலை பத்து மணிக்கு எழுதினேன்: இமேஜ் டேக்கில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது, நீக்கினோம், பாட் வந்தது. பழைய பாட்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் பயனாளர் எவருக்கும் பாதிப்பில்லை. மொத்தம் மூன்று வரி. லீடு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதாங்க.”

“பதினோரு பேர் விடிய விடிய ஒக்காந்திருக்கோம். ஒரு எழுத்துன்னா எப்படிப்பா?”

மதியத்துக்குள் அறிக்கை நாலு பக்கமாயிற்று. ‘ரெஜிஸ்ட்ரி இணைப்பில் ஏற்பட்ட தற்காலிக ஒவ்வாமை’ என்று அதற்கு ஒரு பெயர் வந்தது. எங்கள் டீம் துரிதமாகக் களமிறங்கியது, பல குழுக்கள் ஒருங்கிணைந்தன, நோட் மாற்றப்பட்டது, ரகசியச் சாவி புதுப்பிக்கப்பட்டது. எல்லாம் உண்மை. படித்து முடித்தபோது எனக்கே எங்கள் மீது மரியாதை வந்தது. ‘வி’ என்னும் எழுத்து நாலு பக்கத்தில் எங்கும் இல்லை.

க்ளையன்டிடமிருந்து மாலையில் பதில் வந்தது. இரவெல்லாம் உழைத்ததற்கு நன்றி. இந்த இணைப்புக் கோளாறு மறுபடி நேராதிருக்க ரெஜிஸ்ட்ரி இணைப்பை வாரம் ஒருமுறை ஆய்வு செய்து அறிக்கை தரவும்.

வியாழன்தோறும் மாலை நாலு மணிக்கு அந்த மீட்டிங் நடக்கிறது. தலைமை நான். இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. மினிட்ஸ் எழுதுவது தம்பி. போன வாரத்து மினிட்ஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறான், கடைசி வரிவரை யாரும் படிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.